உயிரோடு இருப்பவளுக்கு ஒரு ஞாயிறு

பத்துக் கட்டளைகளில் கொலை செய்யாதே என்பதை எங்கள் தெருவில் எல்லோரும் கடைப்பிடிக்கிறார்கள். களவு செய்யாதே என்பதையும், கோயில் வாசலில் புதுச் செருப்பு கிடக்கிற நாள்களைத் தவிர்த்துப் பார்த்தால், பெரும்பாலும் கடைப்பிடிக்கிறார்கள். ஆனால் கடவுளுடைய நாளில் வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு, அவரை வணங்கி, அக்கடா என்று உட்கார் என்கிற கட்டளையைக் கடைப்பிடிக்கிற ஓர் ஆளை இந்தப் புதுச்சேரியில் எனக்கு யாராவது காட்ட முடியுமா? என்னைக் காட்டாதீர்கள். நான் அரசாங்க குமாஸ்தா. வாரத்தில் ஐந்து நாள் அலுவலகத்தில் இளைப்பாறிவிட்டு, மீதி இரண்டு நாள் அந்தக் களைப்பு தீர வீட்டில் படுத்துக் கிடப்பவன். என் ஓய்வைக் கடவுளே கணக்கில் சேர்க்கமாட்டார்.

எனக்குக் கோபம் என் மனைவிக்காக. அவள் தனியார் மருத்துவமனை ஒன்றில் நர்ஸ். வார விடுமுறை சுழற்சியில் வரும். செவ்வாய் வரும், வியாழன் வரும், ஞாயிறு மட்டும் மாதத்துக்கு ஒரு தடவை, வந்தால் வந்தது. அந்த ஒரு ஞாயிற்றை என்ன செய்வாள் என்கிறீர்கள்? விடியற்காலைப் பூசைக்குத் தனியாக ஓடுவாள். அப்போதுதான் ஏழு மணிக்குள் திரும்பி வந்து சமையலை ஆரம்பிக்க முடியும். நானும் மகளும் குளித்து, சட்டை தேய்த்து, ஏழரை மணிப் பூசைக்குப் பெருமக்களைப் போல நடந்து போவோம். திரும்பும்போது கறி வாங்கி வருவது என் பொறுப்பு. அதோடு என் பங்கு முடிந்தது. பிறகு சோபாவில் சாய்ந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஓய்வு என்பது நம் காலத்தில் எப்படி அழிந்துவிட்டது என்று மகளுக்கு விளக்கிச் சொல்வேன். உள்ளே குக்கர் மூன்றாவது விசில் அடித்துக்கொண்டிருக்கும்.

சமையல் பாதியில் இருக்கும்போதே கேட்டில் ஆள் வந்துவிடும். தெருவில் ஒரு நர்ஸ் இருந்தால் அந்தத் தெருவுக்கே அது தர்மாஸ்பத்திரி. ஒருவர் மாத்திரை அட்டையை நீட்டி, இது சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்பார். ஒருவர் ஊசி போட்டுக்கொள்ள வருவார். எதிர்வீட்டுக்காரர், பிரான்ஸ் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர், நாங்கள் முசியே என்று கூப்பிடுபவர், அவள் விடுமுறை ஞாயிறு எது என்று எனக்கு முன்பே தெரிந்துகொண்டு வந்துவிடுவார். "மதாம், தான்சியோன் கொஞ்சம் பாருங்க" என்று கையை நீட்டுவார். ரத்த அழுத்தத்துக்கு அவர் சொல்லும் பிரெஞ்சுப் பெயர் அது. அழுத்தம் என்றைக்கும் சரியாகத்தான் இருக்கும். ஏன் இருக்காது? மாதாமாதம் பிரான்சிலிருந்து பென்ஷன் வருகிற மனிதருக்கு என்ன அழுத்தம்?

இவ்வளவும் முடிந்து மத்தியானம் அவள் தலையைச் சாய்க்கும்போது மருத்துவமனையிலிருந்து போன் வரும். யாரோ வரவில்லை, சாயங்கால டியூட்டிக்கு ஆள் இல்லை, கொஞ்சம் வர முடியுமா. போய்விடுவாள். போன மூன்று தடவையும் போய்விட்டாள்.

அக்டோபர் கடைசியில் ஒருநாள், துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

"எனக்கு ஒரே ஒரு நாயித்துக்கிழம வேணுங்க. மூணு பேரும் ஒரே பெஞ்சில உக்காந்து முழுப் பூசை பாக்கணும். வீட்டுக்கு வந்து படுத்துத் தூங்கணும். யாரும் எழுப்பக் கூடாது. அவ்ளோதான்."

நகை கேட்டிருந்தால் நான் கடன் வாங்கியாவது தப்பித்திருப்பேன். இதை எங்கே போய் வாங்குவது? ஆனாலும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நவம்பரில் அவளுக்கு வருகிற ஞாயிற்றை ஒருத்தரும் தொட முடியாது என்று அந்த இடத்திலேயே பிரகடனம் செய்தேன்.

"சரி, மொதல்ல இந்தத் துணிய பீரோவில வைங்க" என்றாள்.

பிரகடனத்தின் முதல் நடவடிக்கையாக, அந்த ஞாயிறு ஏழரை மணிப் பூசையை அவளுக்காகவே ஒப்புக்கொடுப்பது என்று முடிவெடுத்தேன். அவளிடம் சொல்லவில்லை. பீடத்திலிருந்து அவள் பெயரை வாசிக்கும்போது கேட்டு அவள் பூரித்துப்போக வேண்டும் என்பது திட்டம். வெள்ளிக்கிழமை மாலை பங்கு அலுவலகத்துக்குப் போனேன். எங்கள் பங்கில் பூசைக்குப் பெயர் கொடுக்க இரண்டு நிறத்தில் சீட்டு உண்டு. வெள்ளைச் சீட்டு உயிரோடு இருப்பவர்களுக்கு: பிறந்தநாள், நன்றி, வேண்டுதல். ஊதாச் சீட்டு இறந்தவர்களுக்கு. நவம்பர் இறந்தோர் மாதம் என்பதால் மேசைமேல் ஊதாதான் மலைபோல் குவிந்து கிடந்தது. வெள்ளை எங்கோ ஓரத்தில் ஒரு சிறு கட்டு.

நான் பேனாவைத் திறந்த நேரம் பார்த்து, மகள் படிக்கும் நுழைவுத்தேர்வுப் பயிற்சி மையத்திலிருந்து போன். ஞாயிறு காலை எட்டு மணி முதல் ஒரு மணிவரை சிறப்புத் தேர்வாம்.

"நாயித்துக்கிழம எங்களுக்குக் கோயில் இருக்கு சார்" என்றேன்.

"சாயங்காலமும் பூசை இருக்கே சார். நானும் ஆர்.சி.தான்."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு வார்த்தை வந்ததோ. ஓய்வு என்பது சோம்பேறித்தனம் அல்ல, அது வழிபாடு. ஆறு நாள் உழைத்த கடவுளே ஏழாம் நாள் உட்கார்ந்தார், உங்கள் மையம் அவரைவிட மும்முரமா? ஒரு குடும்பம் ஒரே பெஞ்சில் உட்கார இந்த ஊரில் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? இடது கையில் போனைப் பிடித்துக்கொண்டு நான் முழங்கிய முழக்கத்தில், அலுவலகத்தில் இருந்த நான்கு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வலது கை பாட்டுக்கு ஒரு சீட்டை எடுத்து, என் மனைவியின் பெயரையும் தெருப்பெயரையும் கொட்டை எழுத்தில் எழுதிப் பெட்டியில் போட்டது. அப்பா அம்மா போனதிலிருந்து வருஷாவருஷம் அந்த மேசையில் பெயர் எழுதிப் பழகிய கை. அதற்கு நான் எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வெற்றி வீரனாக வீட்டுக்கு வந்து, தேர்வுக்குப் போக வேண்டாம் என்று மகளிடம் சொன்னேன். என் கொள்கையை அவள் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கைதட்டி வரவேற்றாள். தேர்வுக்கு அவள் ஒரு பக்கம்கூடப் படித்திருக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மழை விட்டு வெயில் அடித்தது. சமையல் கிடையாது என்று அறிவித்து, இட்லி வாங்கி வைத்துவிட்டேன். மூன்று பேரும் ஒன்றாகக் கிளம்பினோம். காந்தி வீதியில் ஞாயிறு சந்தைக்காரர்கள் தார்ப்பாய் விரித்துக்கொண்டிருந்தார்கள். கோயில் முன்னால் பெங்களூர் வண்டிகள் இரண்டு வழியை மறித்து நின்றன. வாசலில் ஓர் இளம் ஜோடி, கைப்பேசியைக் கம்பில் மாட்டி நடனம் ஆடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் என்னிடம், "அங்கிள், ஒரு நிமிஷம் தள்ளி நில்லுங்க, ஃபிரேம்ல வர்றீங்க" என்றாள். ஞானஸ்நானம் வாங்கிய கோயில் வாசலில் நான் தள்ளி நிற்க வேண்டுமாம்! வாயைத் திறந்தேன். மனைவி என் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள்.

ஒரே பெஞ்ச். நான், அவள், மகள். அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பீடத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டாள். இவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பூசை கண்டு எத்தனை மாதம் ஆயிற்று என்று எண்ணிப் பார்த்தேன். ஈஸ்டர் வரைக்கும் போயும் எண்ணிக்கை நிற்கவில்லை.

பூசைக்கு முன்னால் உபதேசியார் மைக்கில் பெயர்களை வாசித்தார். நன்றிக்காக ஒப்புக்கொடுப்பவர்கள் என்று வெள்ளைச் சீட்டுகளை முதலில் வாசித்தார். ஐந்தாறு பெயர். அவள் பெயர் வரவில்லை. நான் நெளிந்தேன். பிறகு குரலைத் தாழ்த்தி, நம்மைவிட்டுப் பிரிந்த சகோதர சகோதரிகளின் ஆன்மா சாந்தியடைய என்று ஆரம்பித்தார். நான்காவதோ ஐந்தாவதோ பெயர் என் மனைவியுடையது. தெருப்பெயரோடு.

முன்பெஞ்சில் இருந்த அம்மாள் சிலுவை போட்டுக்கொண்டு, அனுதாபத்தோடு என்னைத் தேடித் திரும்பினார். என் பக்கத்தில் இறந்துபோனவளே உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை சிலுவை போட்டுக்கொண்டார். மகள் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகை இல்லை, சத்தியமாக அழுகை இல்லை.

மனைவி பீடத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"ஊதாச் சீட்டுல எழுதுனீங்களா?"

"போன்ல பேசிக்கினே…"

"ஓய்வு குடுக்கிறேன்னு சொன்னப்பவே நான் உஷாராயிருக்கணும்."

சாமியார் மன்றாட்டிலும் விடவில்லை. இந்த வாரம் குடும்பத்தில் உறவை இழந்தவர்களுக்காக என்று உருக்கமாக ஒரு வரி சேர்த்துக்கொண்டார். நான் குனிந்த தலை நிமிரவில்லை. பூசை முடிந்ததும் பீடத்துக்குப் பின்னால் உள்ள சக்ரீஸ்து அறைக்கு ஓடினேன்.

"ஐயா, என் மனைவி உயிரோட இருக்காங்க!"

"இருக்கட்டும், சந்தோசம்" என்றார் உபதேசியார். "ஊதாவில எழுதினா நான் ஊதாவிலதான தம்பி படிக்க முடியும்? நானா ஆளைக் கொல்றேன்?"

திரும்பி வந்து பார்த்தால் அவள் இன்னும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். திட்டு வாங்கத் தயாராக முன்னால் போய் நின்றேன். அவள் நிதானமாகச் சொன்னாள்:

"முழுசா ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேங்க. பிரசங்கத்தகூட முழுசாக் கேட்டேன். மொத்தக் கோயிலும் எனக்காக வேண்டிச்சு. செத்தவளாத்தான் வேண்டிச்சு, இருந்தாலும் வேண்டிச்சில்ல?"

அவள் கைப்பையை வாங்கி என் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தேன்.

வீட்டுக்கு வருவதற்குள் செய்தி எங்களை முந்திக்கொண்டது. எங்கள் அன்பியத்தின் தலைவி, அதாவது எங்கள் தெருக் குடும்பங்களின் ஜெபக் குழுவுக்குப் பொறுப்பான அம்மாள், கோயிலுக்குப் பக்கத்து வீடு. பூசையை ஒலிபெருக்கி வழியாகவே கண்டுகொண்டு வடை சுடுபவர். பெயர் காதில் விழுந்த மறுநிமிடம் அன்பியத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஆழ்ந்த இரங்கல் போட்டுவிட்டார். அதன்கீழ் வரிசையாகக் கூப்பிய கைகள், மெழுகுவர்த்திகள், அழும் முகங்கள். வருஷம் முழுக்க ஒரு காலை வணக்கத்துக்கும் பதில் போடாதவர்கள்கூட எழுந்து வந்திருந்தார்கள். நான் உடனே தட்டினேன்: தவறு என்னுடையது, அவர் நலமாக இருக்கிறார். அடுத்த நொடியே ஒருவர் பதில் போட்டார்: ஆமென், ஆண்டவருடைய சந்நிதியில் நலமாக இருப்பார்.

என்ன ஜனம் இது? ஒரு வரியை முழுதாகப் படிக்கக்கூட நேரமில்லாத அளவுக்கு ஞாயிற்றுக்கிழமை இவர்களுக்கு என்ன வேலை?

மனைவி நான்கு இட்லி சாப்பிட்டாள். தன் போனை என் கையில் கொடுத்தாள். "எங்க அண்ணனுக்கு மட்டும் மொதல்ல சொல்லிடுங்க. மத்தது உங்க பாடு" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அண்ணன் தவளக்குப்பத்தில் இருக்கிறார். மூன்று தடவை அடித்தேன், எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் கிரில் கேட்டைப் பூட்டி, உள்பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். என் மணவாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு டியூட்டி.

முதலில் வந்தவர் முசியே. கறுப்புப் பட்டி கட்டிய கோட்டு, கையில் ரோஜா மாலை, நெஞ்சில் பட்டாளத்து மெடல்கள்.

"முசியே, அவங்க உயிரோட இருக்காங்க" என்றேன்.

அவர் கர்சீப்பால் கண்ணைத் துடைத்தார். உண்மையாகவே அழுதிருந்தார் மனுஷன். பிறகு அவருடைய கை மெல்ல கேட் கம்பிக்குள் நுழைந்தது.

"அப்படின்னா… இந்த அதிர்ச்சியில எனக்குத் தான்சியோன் ஏறியிருக்கும். மதாம் ஒரு நிமிஷம்…"

"முசியே!" என்று நான் போட்ட சத்தத்தில் கை வெளியே போய்விட்டது. "உயிரோட இருந்தா ஒரு நாள் தூங்க விடமாட்டீங்க. செத்தா மாலையும் மெடலும். நடுவுல ஒண்ணுமே கெடையாதா உங்களுக்கு?"

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்கும்தான். இத்தனை வருஷமாக ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சோற்றைத் தின்றுவிட்டு அவளைச் சோபாவிலிருந்து "தண்ணி குடும்மா" என்று கூப்பிட்டவன், கேட்டில் உட்கார்ந்து நியாயம் பேசுகிறேன்.

"மாலைய என்ன பண்றது?" என்றார் மெதுவாக.

"கோயில் கெபியில இருக்கிற மாதா செலைக்குப் போட்டுடுங்க."

சரி என்று போனார். அடுத்த ஒரு மணி நேரத்தில் பதினோரு பேர். வந்தவர்களில் மூன்று பேர் மாத்திரை அட்டையும் கொண்டு வந்திருந்தார்கள். துக்கத்துக்கு வருகிற இடத்தில் மாத்திரை எதற்கு? பழக்க தோஷமாம். எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னேன்: உயிரோடு இருக்கிறாள், தூங்குகிறாள், எழுப்பமாட்டேன். அவள் சாகவில்லை என்பதைவிட, தூங்குகிறாள் என்பதைத்தான் அவர்களால் நம்ப முடியவில்லை. "இந்த நேரத்துலயா? ஒடம்புக்கு என்னா?" என்று கேட்டவர்கள் ஐந்து பேர்.

பத்தரை மணிக்கு அண்ணன் வந்தார்; யாரோ அந்த இரங்கலை அவருக்கும் அனுப்பியிருந்தார்கள். வண்டியை அப்படியே சாய்த்துப் போட்டுவிட்டு, கேட்டைப் பிடித்து உலுக்கிக்கொண்டு அழுதார். நான் கதவைத் திறந்து, அறை ஜன்னல் வழியாகக் காட்டினேன். அவள் ஒருக்களித்துப் படுத்து, வாயை லேசாகத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் அந்தக் குறட்டையைக் கொஞ்சநேரம் கேட்டார். அப்புறம் என் சட்டையைப் பிடித்தார்.

"மனுசனா மச்சான் நீ? நோணாங்குப்பம் பாலத்துல வரும்போது லாரியப் பாக்காம உள்ள உட்டுட்டேன், தெரியுமா?"

"மூணு தடவ போன் பண்ணேன் மச்சான்."

"அழுவுறவன் போன எடுப்பானா?"

அவர் திட்டியதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. இன்றைக்கு இதையெல்லாம் சொல்லிச் சிரிக்கிற எனக்கு, அந்த ஒரு இடத்தில் மட்டும் சிரிப்பு வருவதில்லை. பிறகு, கறி இல்லாத ஞாயிற்றுக்கிழமையா என்று அதற்குத் தனியாகத் திட்டினார். மத்தியானம் நான் வடித்த சோறு குழைந்திருந்தது. மூன்று பேரும் தயிர் ஊற்றி ஊறுகாயோடு சாப்பிட்டோம். அதன்பின் அவரும் ஒரு நாற்காலி போட்டுக் கேட்டில் உட்கார்ந்துவிட்டார். என்னைவிட நல்ல காவல்காரர். அன்பியத் தலைவி வடையோடு வந்தபோது, வடையை மட்டும் உள்ளே அனுமதித்தார்.

மூன்று மணிக்கு அவளுடைய போன் அடித்தது. மருத்துவமனை. இன்சார்ஜ் சிஸ்டர்.

"சிஸ்டர் இருக்காங்களா சார்? ஈவினிங்குக்கு ஒருத்தவங்க வரல. குழந்தைக்கு ஜுரமாம். கொஞ்சம் வரச் சொல்றீங்களா?"

 இது மாத்திரை அட்டை இல்லை. அங்கே கட்டிலில் நிஜமான நோயாளிகள் படுத்திருக்கிறார்கள். வராத நர்ஸும் ஒரு தாய், அவள் வீட்டில் ஜுரத்தில் ஒரு குழந்தை. ஜன்னலைப் பார்த்தேன். அவள் அசையவில்லை.

"இன்னைக்கு அவங்களால வர முடியாது சிஸ்டர்" என்றேன்.

"நீங்க ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்களேன்."

"கேட்டா வந்துடுவாங்க. அதான் கேக்கமாட்டேன்."

 "சரி சார்" என்று சிஸ்டர் வைத்துவிட்டார்.  அதற்குப் பிறகு இரண்டரை மணி நேரம், யாராவது நோயாளிக்கு ஏதாவது ஆகிவிட்டால் அது என் கணக்கில்தான் என்று நாற்காலியில் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பக்தியோடு சொன்ன ஜெபமாலை வேறு கிடையாது.

ஐந்தரைக்கு எழுந்து வந்தாள். முகத்தில் தலையணையின் மடிப்பு பதிந்திருந்தது. அண்ணனைப் பார்த்துச் சிரித்தாள். டீ போட்டுக் கொடுத்தேன். போன் வந்ததைச் சொன்னேன். டம்ளரை அப்படியே கீழே வைத்தாள்.

"என் வேலைக்கு நீங்க யாரு பதில் சொல்ல? என்ன எழுப்பியிருக்கணும்ல? வார்டுல எத்தினி பேரு இருக்காங்கன்னு தெரியுமா உங்களுக்கு?"

காலையில் தன்னைச் சாகடித்ததற்குக்கூட அவ்வளவு கோபப்படவில்லை. போனைப் பிடுங்கி அங்கேயே அடித்தாள். நாங்கள் மூன்று பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். "ஆங்… ஆங்… அப்டியா… சரிங்க சிஸ்டர்" என்றாள். வைத்துவிட்டு, போனையே பார்த்தாள்.

"ஆள் கெடச்சிடுச்சாம்."

"அப்பாடா" என்றேன்.

"அர மணி நேரத்துலயே கெடச்சிடுச்சாம். ரெஸ்ட் எடுங்க சிஸ்டர்ங்கிறாங்க." அவள் குரலில் நிம்மதி இல்லை, ஆத்திரம்தான் இருந்தது. "அப்ப இத்தினி நாளும் எதுக்கு என்னியே கூப்ட்டாங்க? நான் போவலன்னா வார்டே கவுந்துடும்னு ஓடுனேனே?"

"கூப்ட்டா நீ போவ. அதான் கூப்புட்டாங்க" என்றார் அண்ணன், வடையை மென்றுகொண்டே.

அவள் டீயை எடுத்துக் குடித்தாள். ஆறிப்போயிருக்கும்.  டம்ளரை வைத்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"அடுத்த மாசம் கூப்ட்டா நீங்க பேசக் கூடாது. நாந்தான் பேசுவேன்."

"பேசு."

"என்னான்னு சொல்றது?"

"இன்னைக்கு வர முடியாதுன்னு சொல்லு."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். போனைக் காதில் வைத்தாள். எதிர்ச்சுவரைப் பார்த்து, "சிஸ்டர், சாரி சிஸ்டர், தப்பா நெனச்சிக்காதீங்க, இன்னைக்கு மட்டும் கொஞ்சம்…" என்று இழுத்தாள்.

"சாரியெல்லாம் வேணாம்மா" என்றாள் மகள்.

மறுபடியும் ஆரம்பித்தாள். இரண்டாவது தடவையும் சாரி வந்துவிட்டது. தலையில் அடித்துக்கொண்டாள். மூன்றாவது தடவை தொண்டையைச் செருமி, சுவரை நேராகப் பார்த்துச் சொன்னாள்:

"இன்னைக்கு எனக்கு லீவு சிஸ்டர். நான் வரல."